நேரமும் உயரமும்: கிரேஸ் ஹார்பர் கடற்கரையில் பேரிடர் முன்னேற்பாடு

பேரிடர் மேலாண்மை நூல்கள் ஆபத்தை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பேசுவது வழக்கம்: இயற்கையில் நிகழக்கூடிய சீற்றம், அதன் பாதையில் இருக்கும் மக்களும் உடைமைகளும், அச்சீற்றத்தைத் தாங்கவியலாத அவர்களுடைய நலிவு. ஆளில்லாத் தீவில் அடிக்கும் புயல் வெறும் வானிலை நிகழ்வே என்பதும், மூன்றும் ஒருங்கே கூடும் இடத்தில்தான் பேரிடர் பிறக்கிறது என்பதும் இப்பகுப்பால் விளங்கும். ஆயினும் கடற்கரை வாழ்க்கையைப் பொறுத்தவரை இப்பகுப்பு நேரம் என்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆபத்து தெரியவரும் கணத்துக்கும் அது வந்து சேரும் கணத்துக்கும் இடையே கிடைக்கும் பொழுது நாள்களில் அளக்கப்படுவதா, மணிகளிலா, நிமிடங்களிலா என்பதைப் பொறுத்து முன்னேற்பாட்டின் தன்மை முழுவதுமே மாறிவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கடலோரத்தில் அமைந்த கிரேஸ் ஹார்பர் கவுண்டி இம்மூன்று அளவுகளையும் ஒரே நிலப்பரப்பில் எதிர்கொள்வதால், அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வுரை அமைகிறது.

கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. தமிழ்நாட்டு மாவட்டத்தோடு அதனை ஒப்பிடலாம் என்றாலும், அரசு அனுப்பிவைக்கும் ஆட்சியர் அங்கே இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மூன்று ஆணையர்கள் கவுண்டியை நடத்துகிறார்கள், காவல் தலைவரான ஷெரிஃபும் வாக்குப் பெற்றே பதவிக்கு வருகிறார், நகரங்களுக்குத் தனி மன்றங்களும் பள்ளிகளுக்குத் தனி வரி விதிக்கும் பள்ளி மாவட்டங்களும் உண்டு. அதிகாரம் இவ்வாறு சிதறிக் கிடப்பது பேரிடர்க் காலத்தில் குறையாகத் தோன்றினாலும், பின்னர் காணப்போகும் ஒரு பெரிய முயற்சி அச்சிதறலின் ஊடாகத்தான் சாத்தியமாயிற்று. சுமார் 4,900 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 75,000 பேருக்குச் சற்று அதிகமானோர் இங்கு வாழ்கின்றனர். கவுண்டியின் தலைநகர் மான்டிசானோ உள்நாட்டில் இருக்க, மக்கள் செறிந்த அபர்டீனும் ஹோக்வியமும் செஹேலிஸ் ஆறு விரிகுடாவில் கலக்கும் தாழ்நிலத்தில் அமைந்துள்ளன. விரிகுடா வாயின் தெற்கு முனையில் நண்டு பிடிக்கும் படகுகள் நிறைந்த வெஸ்ட்போர்ட்டும், வடக்கு முனையில் 1960களில் உல்லாசக் குடியிருப்பாக மனை பிரித்து விற்கப்பட்ட ஓஷன் ஷோர்ஸும் எதிரெதிரே நீண்டு கிடக்கின்றன. இரண்டும் கடல் கொண்டுவந்து குவித்த மணல் நாக்குகள்.

நாள் கணக்கில் முன்னறியத்தக்க ஆபத்துகள் இக்கவுண்டிக்குப் புதியவை அல்ல. குளிர்காலந்தோறும் பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் சூறைக்காற்றும் மழையும் ஆற்றைப் பெருகச் செய்கின்றன, ஓதம் ஏறும் வேளையில் வெள்ளம் வடியாமல் தெருக்களில் தேங்குகிறது, 2015 ஜனவரியில் நிகழ்ந்ததுபோல் குன்றுச் சரிவுகள் வீடுகளின்மேல் சரிகின்றன. 2007 டிசம்பர் முதல் மூன்று நாள்களில் அடித்த பெருங்காற்று இவற்றுள் தனித்து நினைக்கப்படுவது. மின்சாரமும் தொலைபேசியும் கைப்பேசியும் ஒருங்கே அற்றுப்போக, விழுந்த மரங்கள் நெடுஞ்சாலைகளை மறித்துக்கொள்ள, கிரேஸ் ஹார்பரும் அதன் தெற்கே உள்ள பசிபிக் கவுண்டியும் வெளியுலகத் தொடர்பு அற்ற நிலையில் நாள்களைக் கழித்தன. அண்டைக் கவுண்டியில் மாநிலத்தின் முதன்மையான நெடுஞ்சாலையே நீரில் மூழ்கி நான்கு நாள் மூடப்பட்டது. அத்தகைய வேளையில் செய்தி கொண்டு சென்றவர்கள், பொழுதுபோக்காகவே சொந்தக் கருவி வைத்து அலைவரிசையில் பேசிப் பழகிய ஹாம் வானொலிக்காரர்கள். இக்காற்று வருவதை வானிலை ஆய்வாளர்கள் முன்பே சொல்லியிருந்தனர். வரும் என்று அறிந்திருந்தும் இந்த அளவுக்குத் துண்டிக்கப்பட முடியும் என்பதே அதன் பாடம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று கடலடியில் இருப்பது 1980கள் வரை பொதுவாக அறியப்படவே இல்லை. வட கலிபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, வான் டி ஃபூக்கா என்னும் கடலடிப் புவித்தட்டு வட அமெரிக்கத் தட்டின் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் அமிழும் இத்தகைய இடத்தைப் புவியியலாளர் அமிழ்வு மண்டலம் என்பர். இம்மண்டலத்தின் பெயர் காஸ்கேடியா. ஜப்பானிலும் சிலியிலும் உள்ள அமிழ்வு மண்டலங்கள் அடிக்கடி அதிர்ந்து தம் இருப்பைக் காட்டிக்கொள்ள, காஸ்கேடியாவோ ஐரோப்பியர் வந்து குடியேறிய காலந்தொட்டு எழுதப்பட்ட வரலாற்றில் ஒரு பெருநடுக்கத்தையும் தரவில்லை. தட்டுகள் இங்கே உராய்வின்றி வழுக்கிச் செல்கின்றன போலும் என்று பலர் அமைதி கொண்டனர். இக்கவுண்டியின் சாட்சாப் என்னுமிடத்தில் அணுமின் நிலையம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்ததும் அதே காலத்தில்தான். பணநெருக்கடியால் 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்ட அதன் குளிர்விப்புக் கோபுரங்கள் இன்றும் காட்டுக்கு மேலே தலைதூக்கி நிற்கின்றன. 1984இல் தாமஸ் ஹீட்டன், ஹிரூ கனமோரி ஆகிய இருவரும் உலகின் பிற அமிழ்வு மண்டலங்களோடு காஸ்கேடியாவை ஒப்பிட்டு, அதன் அமைதியை நம்புவதற்கில்லை என்று எழுதினர்.

சான்று சேற்றில் கிடைத்தது. அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிரையன் அட்வாட்டர் வாஷிங்டன் கடலோரத்தின் கழிமுகங்களில் படகில் சென்று, ஓதம் வற்றும் வேளையில் வெளிப்படும் கரைகளைத் துழாவி ஆராய்ந்தார். புல் முளைத்திருந்த பழைய மண்தரை ஒன்றின்மேல் திடீரென மணற்படலமும், அதன்மேல் கடற்சேறும் படிந்திருப்பதை அவர் பல இடங்களில் கண்டு 1987இல் வெளியிட்டார். மெல்ல மெல்ல உயரும் கடலால் இந்த அடுக்கு உருவாக முடியாது. நிலம் ஒரே கணத்தில் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை தாழ்ந்து, உடனே பேரலை மணலை அள்ளிவந்து பரப்பி, பின்னர் ஓதநீர் அன்றாடம் ஏறி இறங்கத் தொடங்கினால் மட்டுமே இவ்வாறு அமையும். பெருநடுக்கத்துக்கு முந்தைய காலமெல்லாம் மேல்தட்டின் விளிம்பு வளைக்கப்பட்ட மூங்கில்போல் உள்ளிழுக்கப்பட்டுப் புடைத்து நிற்கிறது. பிணைப்பு அறுந்ததும் விளிம்பு கடற்பக்கம் பாய்கிறது, புடைப்பு தளர்ந்து கரை தாழ்கிறது. கிரேஸ் ஹார்பரின் கோபாலிஸ் ஆற்றங்கரையில் பட்டுப்போய் நிற்கும் சிடார் மரங்கள் இதற்குக் கண்கண்ட சாட்சி. ஒரு காலத்தில் மேட்டுநிலத்தில் வளர்ந்த அம்மரங்களின் வேரை உப்புநீர் எட்டியதால் அவை நின்ற நிலையிலேயே மடிந்தன. அவ்வட்டாரத்தார் அதைப் பேய்க்காடு என்று அழைக்கிறார்கள். டேவிட் யமகுச்சியும் உடனுழைத்தவர்களும் தென் வாஷிங்டன் கரையின் இத்தகைய மரங்களில் பட்டை உதிராத வேர்களைத் தேடி எடுத்து, ஆண்டு வளையங்களை எண்ணிப் பொருத்தி, அவை 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையே இறந்தன என்று நிறுவினர்.

நாளையும் வேளையையும் தந்தது கடலின் அக்கரை. நிலம் அதிராமலேயே பேரலை வந்து வீடுகளையும் நெல்லையும் அழித்ததாக ஜப்பானின் கிழக்குக் கடற்கரை ஊர்களில் எழுதி வைக்கப்பட்ட பதிவுகளை கென்ஜி சடகேயும் அவர் குழுவினரும் 1996இல் ஆராய்ந்தனர். தாய் யாரென்று தெரியாத அந்த அலைக்கு வேறு எந்தக் கடலோரமும் பொருந்தவில்லை. அலை பசிபிக்கைக் கடக்க எடுக்கும் சுமார் பத்து மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தபோது, 1700 ஜனவரி 26ஆம் நாள் இரவு ஏறத்தாழ ஒன்பது மணிக்கு, ரிக்டர் அளவு என்று செய்தித்தாள்கள் வழங்கும் அளவுகோலில் ஒன்பதை ஒட்டிய நடுக்கம் காஸ்கேடியாவில் நிகழ்ந்தது என்று தெளிவாயிற்று. சேறும் மரமும் ஏடும் ஒரே நிகழ்வைச் சுட்டிய இப்பொருத்தம் அறிவியல் வரலாற்றில் அரிது. கடலும் நிலமும் கொந்தளித்த இரவைப் பற்றிய கதைகள் அக்கரையின் பழங்குடியினரிடம் வாய்வழியாக முன்பே இருந்தன என்பதையும், கேட்டவர்கள் அவற்றை நெடுங்காலம் புராணமென்று ஒதுக்கியிருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடலடிச் சரிவுப் படிவுகளை ஆராய்ந்த கிறிஸ் கோல்ட்ஃபிங்கர் குழுவினர், கடந்த 10,000 ஆண்டுகளில் 41 நடுக்கங்கள் பதிவாகியுள்ளன என்றும், அவற்றுள் சுமார் பத்தொன்பது மண்டலம் முழுவதையும் உலுக்கியவை என்றும் கணித்தனர். அடுத்த 50 ஆண்டுகளுக்குள் முழு மண்டலமும் அதிர 10 முதல் 15 விழுக்காடு வாய்ப்புண்டு என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. ஒருவர் தம் வாழ்நாளில் காணாமலே போகக்கூடிய, ஆனால் வீடு கட்டுபவரும் பள்ளி கட்டுபவரும் ஒதுக்கித் தள்ள முடியாத எண் இது.

முன்னேற்பாட்டின் உள்முரண் இனிமேல்தான் தொடங்குகிறது. இக்கடலோரத்துக்கு இரு வகைச் சுனாமிகள் வரும். 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் நிகழ்ந்த 9.2 அளவு நடுக்கத்தின் அலை சில மணி நேரம் கழித்தே வந்து சேர்ந்தது. கோபாலிஸ் ஆற்றுப் பாலம் சேதமுற்றது, ஆனால் வாஷிங்டனில் உயிரிழப்பு இல்லை. 2025 ஜூலையில் காம்சாட்காவில் 8.8 அளவு நடுக்கம் ஏற்பட்டபோதும் அறிவிப்பும் கரையை விட்டு விலக நேரமும் கிடைத்தன. வந்த அலையும் சிறிதே. காஸ்கேடியா அதிர்ந்தாலோ, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை நிலம் குலுங்கி ஓய்ந்தபின் வெளிக்கடற்கரையை முதல் அலை எட்டச் சுமார் 15 முதல் 30 நிமிடமே ஆகும். தொலைவிலிருந்து வரும் அலைகள் அடிக்கடி எச்சரிக்கையாக வந்து ஏதும் செய்யாமல் போவதால், சங்கு ஊதும் வரை காத்திருக்கலாம், அதிகாரிகள் சொன்னபின் காரில் ஏறிப் போகலாம் என்னும் பழக்கம் மக்களிடம் ஊன்றிவிடுகிறது. அருகே பிறக்கும் அலைக்கு அப்பழக்கமே எமன். நிலநடுக்கத்தில் சங்குக் கம்பங்கள் விழலாம், பாலங்கள் இறங்கலாம், ஈர மணல் குழம்பாகிச் சாலை பிளக்கலாம். குலுக்கலையே எச்சரிக்கையாகக் கொண்டு கால்நடையாக மேட்டை நோக்கிப் போவது தவிர வேறு வழியில்லை.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்தது இதன் மறுதலை. சுமத்ராவுக்கு அப்பால் இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன் கடலடி அதிர்ந்தது. நாகப்பட்டினத்தை அலை தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே நேரம் இருந்தது, சொல்ல ஆளில்லை. கிரேஸ் ஹார்பரில் சொல்ல அமைப்பு இருக்கிறது, நேரம் இல்லை. அப்பேரிடருக்குப் பின் இந்தியா 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையத்தை நிறுவியது. அமெரிக்கா ஆழ்கடல் அழுத்தத்தை அளந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் மிதவைகளின் எண்ணிக்கையை ஆறிலிருந்து 2008க்குள் 39ஆக உயர்த்தியது. இவை தொலைவு அலைக்கு உரிய மருந்து. இந்தியாவிலும்கூட, சுமத்ராவுக்கு அண்மையிலுள்ள நிக்கோபார் தீவுகளின் நிலை நாகையைவிடக் கிரேஸ் ஹார்பருக்கே நெருக்கமானது.

வாஷிங்டன் கடலோரம் நெடுக நிறுவப்பட்ட சங்குகள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நண்பகலில் சோதிக்கப்படுகின்றன. வருவோர் அஞ்சாதிருக்க அவை அன்று லண்டன் மணிக்கூண்டின் மணியோசையையே ஒலிக்கின்றன. மெய்யான ஊளையை அக்டோபரில் நடக்கும் நிலநடுக்கப் பயிற்சியன்றுதான் கேட்கலாம். நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடே எனினும், கேட்டுப் பழகிய ஒலி ஒன்றாகவும் கேட்டு ஓட வேண்டிய ஒலி வேறாகவும் இருப்பது சற்று யோசிக்க வைக்கிறது. 2021 மே மாதம் முதல் அம்மாநிலத்தில் கைப்பேசிகளுக்கு வரும் நிலநடுக்க முன்னறிவிப்பும் வினாடிகளையே தரவல்லது. மேசைக்கடியில் ஒடுங்க அது உதவும், மேடேற உதவாது.

மேடு எங்கே என்பதே இனி வினா. ஓஷன் ஷோர்ஸ் முனையிலிருந்து வெளியேற ஒரே சாலை. நெடுந்தொலைவுக்கு மணல்மேடன்றி உயரம் இல்லை. குடியிருப்போரில் ஓய்வு பெற்ற முதியோர் பலர், அவர்களுடைய நடை மெதுவானது. இவர்களோடு, ரேசர் மட்டி என்னும் சிப்பியைத் தோண்டக் குளிர்கால இரவுகளில் விளக்கேந்தி ஆயிரக்கணக்கில் வெளியூரார் கடற்கரையில் இறங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மாநில அவசரகால மேலாண்மைப் பிரிவும் நடத்திய ‘புகலிடத் திட்டம்’ கடலோர ஊர்களில் மக்களை உட்கார வைத்து, நடந்து எட்டக்கூடிய தூரங்களை வரைபடத்தில் குறிக்கச் செய்தது. கிடையாகத் தப்பி ஓட நேரம் போதாத இடத்தில் நின்ற இடத்திலேயே மேலே ஏறுவது என்ற எண்ணம் அக்கூட்டங்களில் உருப்பெற்றது. செயற்கை மண்மேடு, தனிக்கோபுரம், அலையைத் தாங்கும் கட்டடக் கூரை ஆகியவை அதன் மூன்று வடிவங்கள். ஜப்பானில் 2011இல் சுனாமி தாக்கியபோது உயரமான கான்கிரீட் கட்டடங்களின் மேல்தளங்களில் ஏறியோர் பலர் பிழைத்தது அவ்வெண்ணத்துக்கு வலு சேர்த்தது.

வெஸ்ட்போர்ட்டின் ஒகோஸ்டா பள்ளி மாவட்டத்துக்கு அப்போது வேறொரு தேவை இருந்தது. தொடக்கப்பள்ளிக் கட்டடம் பழையதாகி, புதியது கட்டியாக வேண்டிய நிலை. எப்படியும் கட்டப்போகும் உடற்பயிற்சிக் கூடத்தின் கூரையைப் புகலிடமாக்கினால் என்ன என்று கேட்டவர்கள் அறிவாளிகள். ஏனெனில் ஆயிரம் ஆண்டில் இருமுறை பயன்படக்கூடிய ஒரு கோபுரத்துக்குத் தனியே வரி கேட்பது வேறு, நாளைக் காலை பிள்ளைகள் போகும் பள்ளிக்கு வரி கேட்பது வேறு. வாஷிங்டனில் பள்ளிக் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தோரில் 60 விழுக்காட்டினர் இசைய வேண்டும். 2013 ஏப்ரலில் அந்தச் சிற்றூர் மக்கள் அவ்வரம்பைக் கடந்து இசைந்தனர். 2016இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், வட அமெரிக்காவில் சுனாமிக்கு மேலேறித் தப்புவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் கட்டடம். மணல்மேட்டின்மேல் எழுந்த அதன் நான்கு மூலைகளிலும் கான்கிரீட் படிக்கட்டுக் கோபுரங்கள் உள்ளன. அவை கூரைத்தளத்துக்கு இட்டுச் செல்ல, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே நிற்கலாம். அலை அடித்தளத்து மணலை அரித்துச் சென்றாலும் நிலைகுலையாதபடி ஆழத்தில் தூண்கள் இறக்கப்பட்டுள்ளன. சுனாமி விசையைக் கணக்கிட அந்நாட்டுக் கட்டட விதிமுறையில் தனி அதிகாரம் சேர்ந்ததே 2016இல்தான் என்பதால், வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் தம் மதிப்பீட்டையும் பரிந்துரை நிலையிலிருந்த கையேட்டையும் நம்பி நடந்தனர்.

அண்டை மாநிலமான ஓரிகனின் போக்கு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே சுனாமி பாயும் வரம்புக்குள் புதிய பள்ளியும் மருத்துவமனையும் கட்டலாகாது என்று 1995இல் இயற்றிய சட்டத்தை, கடலோர ஊர்கள் வளராமல் தேய்ந்துவிடும் என்ற முறையீட்டால் 2019இல் நீக்கினார்கள். தடை செய்வதா, தாங்கும்படி கட்டுவதா என்ற வழக்கில் ஒகோஸ்டாவின் பக்கம் நியாயம் உண்டு; ஆனால் தடையை நீக்கிவிட்டுத் தாங்கும்படி கட்டவும் பணம் தராமல் விடுவது இரண்டும் கெட்ட நிலை.

பழங்குடியினர் வேறு இரு வழிகளைக் காட்டியுள்ளனர். பசிபிக் கவுண்டியின் டோக்லாண்டில் ஷோல்வாட்டர் விரிகுடாப் பழங்குடியினர் கூட்டரசின் நிதியுதவியோடு எழுப்பிய 50 அடிக் கோபுரம் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது; இரு தளங்களில் 400 பேருக்கு மேல் ஏறலாம், பழங்குடியினர் அல்லாத அக்கம்பக்கத்தாருக்கும் அது திறந்தே உள்ளது. கிரேஸ் ஹார்பரின் வடபகுதியில், க்வினால்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள டஹோலா ஊரோ ஊரையே பெயர்க்கத் துணிந்தது. சால்மன் மீனை நம்பி முகத்துவாரத்திலேயே வாழ்ந்த அம்மக்களின் கடல் தடுப்புச்சுவரை 2014இல் அலைகள் மீறின. 2017இல் க்வினால்ட் தேசம் எனப்படும் அப்பழங்குடியினரின் அரசு மேட்டுநிலத்தில் புதிய ஊருக்கான திட்டத்தை ஏற்றது. 2021இல் முதியோரும் குழந்தைகளும் கூடும் இல்லம் ஒன்று முதலில் அங்கே திறக்கப்பட்டது. ஓட முடியாதவர்களை முதலில் மேலே கொண்டுபோனதில் திட்டமிட்டவர்களின் தெளிவு புலப்படுகிறது. 2022 நவம்பரில் கூட்டரசு அறிவித்த 2.5 கோடி டாலர் பெரிய தொகையே என்றாலும், சாலை, குடிநீர், கழிவுநீர், வீடு என ஓர் ஊரைப் புதிதாகப் படைக்க அது போதுமானதல்ல.

அலைக்குத் தப்பியவர்களின் அடுத்த நாள்கள் 2007ஐ நினைவூட்டும். 2016 ஜூனில் சுமார் 20,000 பேர் பங்கேற்ற ‘காஸ்கேடியா ரைசிங்’ ஒத்திகைக்குப் பின், மூன்று நாளுக்கு உணவும் நீரும் வைத்திருங்கள் என்ற பழைய அறிவுரையை மாநிலம் மாற்றி இரு வாரத்துக்கு என்று ஆக்கியது; பாலங்கள் விழுந்தால் கடலோரம் தனித்தனித் துண்டுகளாகிவிடும், உதவி வானிலிருந்தோ கடலிலிருந்தோ மெதுவாகத்தான் வரும் என்பதே காரணம். அறிவுரை சரியானது. மரத்தொழில் நலிந்து மாநில சராசரியைவிட வருமானம் குறைந்த ஒரு கவுண்டியில், வாடகை வீட்டில் வாரக் கூலியில் வாழும் குடும்பம் பதினான்கு நாள் மளிகையையும் மருந்தையும் ஒதுக்கி வைப்பது எப்படி என்பதை அறிவுரை சொல்வதில்லை. மாதந்தோறும் ஒரு பொருள் என்று சேர்த்துவரச் சொல்லும் மாநிலத்தின் அட்டவணை இதற்கு ஓரளவு விடை. ஹாம் வானொலிப் பயிற்சி, தெருவாரியாக அண்டையாரின் பட்டியல், மருத்துவ உபகரணம் தேவைப்படுவோரின் பதிவு ஆகியவை காற்றுக்கும் நடுக்கத்துக்கும் பொதுவானவை. அடிக்கடி வரும் சிறு துன்பத்துக்காக வைத்தவையே அரிதாக வரும் பெருந்துன்பத்துக்கும் முதலில் கைகொடுக்கும். தீட்டிய திட்டங்களில் நிலைத்தவை பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் பயன்பட்டவையே.

ஒகோஸ்டாவின் கூரை அதனைச் சுற்றி இருபது நிமிட நடைத் தொலைவுக்குள் இருப்போருக்கு மட்டுமே உரியது. புகலிடத் திட்டக் கூட்டங்களில் மக்கள் வரைபடத்தில் குறித்த கோபுரங்களிலும் மண்மேடுகளிலும் பெரும்பாலானவை இன்னும் தாளிலேயே உள்ளன. அபர்டீன், ஹோக்வியம் நகரங்களுக்கான வெள்ளத் தடுப்புக் கரை ஆற்று நீரையும் ஓதத்தையும் கருதி வகுக்கப்பட்டதேயன்றி, நிலம் இரண்டு மீட்டர் வரை தாழ்ந்தபின் வரும் கடலைக் கருதி அன்று. அடுத்து எந்தப் பள்ளி, எந்தத் தீயணைப்பு நிலையம், எந்த நூலகம் பழையதாகிப் புதிதாகக் கட்டப்பட இருக்கிறதோ, அதன் கூரையின் உயரத்தைப் பற்றிய பேச்சு அந்தந்த ஊர் மன்றத்தில் வரைபடம் ஒப்புதலாவதற்கு முன்பே எழுந்தாக வேண்டியிருக்கிறது.